மூன்றாம் தொட்டியிலிருந்து அழைப்பு

மே 2, செவ்வாய்

மில்லில் வருஷா வருஷம் கொடுக்கும் டைரியில் பொன்மலர் சமையல் குறிப்பு எழுதுவது வழக்கம். இந்த வருஷம் அதைப் பிடுங்கிக்கொண்டேன். நேற்றிலிருந்து நான் லீடிங் ஃபயர்மேன். பொறுப்பில் இருக்கிற ஆள் நாலு வரி எழுதிவைக்க வேண்டாமா?

"கத்திரிக்கா தொக்குக்குக் கீழ எடம் இருக்கு, ஒங்க பெருமைய அங்கன எழுதிக்கிடுங்க" என்றாள். பதினாறு வருஷமாக இந்த வாயோடு குடித்தனம் நடத்துகிறேன். தீயெல்லாம் எனக்கு எம்மாத்திரம்.

காகித மில்லுக்குள் எங்கள் தீயணைப்பு நிலையம் சின்னது. ஒரு தண்ணீர் வண்டி, ஒரு ஆம்புலன்ஸ், இரண்டுக்கும் ஒரே ஆட்கள். தீ எப்போதாவது வரும். மற்றபடி நாங்கள் ஓடுவதெல்லாம் ஆட்களைத் தூக்கத்தான். கை மாட்டியவன், தவறி விழுந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்.

வயர்லெஸ்ஸில் எங்களுக்கு எல்லாமே எண். ஒன்று என்றால் தீ. இரண்டு, அடிபட்டவனுக்குப் பேச்சு இருக்கிறது. மூன்று, பேச்சு இல்லை. நான்கு, மூச்சும் இல்லை. ஐந்து, பொய் அழைப்பு. பெயர் சொல்லக் கூடாது, உறவு சொல்லக் கூடாது, ஐயோ அம்மா கூடாது. மில் முழுக்க இடுப்பில் வயர்லெஸ் தொங்குகிறது, கேன்டீனில்கூட ஒன்று இருக்கிறது. முன்பு ஒருவர் மைக்கில் "மாடசாமிக்குக் கை போச்சு" என்று சொல்லிவிட்டார். மில்லில் மூன்று மாடசாமி. மூன்று பேர் வீட்டுக்காரிகளும் கேட்டில் வந்து மாரில் அடித்துக்கொண்டார்கள், அதில் இரண்டு பேர் சும்மா அடித்துக்கொண்டார்கள்.

எண் ஒழுங்காக வந்தால் உயிர் பிழைக்கும். இதை நான் புது ஆட்களுக்கெல்லாம் சொல்வேன்.

மே 4, வியாழன்

ஷட்டவுன் தொடங்கிவிட்டது. இயந்திரங்களை எல்லாம் நிறுத்தி, கழுவி, பழுது பார்க்கும் காலம். மில் சத்தம் நின்றால் காதுக்குள் என்னவோ போல் இருக்கிறது. எங்கே பார்த்தாலும் கான்ட்ராக்ட் ஆட்கள்.

பெரிய வேலை கூழ்த் தொட்டிகள். இரண்டு மாடி உயர சிமெண்ட் தொட்டி, மேலே ஆள் இறங்குகிற அளவுக்கு வட்ட வாய், உள்ளே இரும்பு ஏணி. அடியில் தங்கிய காகிதக் கூழைச் சுரண்டி வாளியில் ஏற்ற வேண்டும். கத்திரி வெயிலில் அந்தக் கூழ் புளித்துக் கிடக்கிறது.

பாதுகாப்பு அதிகாரி ரகோத்தமன் சார் கூப்பிட்டார். இந்த மாதம் வெளிநாட்டு ஆடிட் வருகிறது. மூன்று என்று ஒரு அழைப்பு வந்தாலும் சைரன், ஆஸ்பத்திரி, அறிக்கை என்று எல்லாம் கிளம்பிவிடும்.

"வெயில்ல மயங்கறவனுக்கெல்லாம் மூணு போட்டா நாம எங்க போறது ஞானதிரவியம்? அதுக்குத் தனியா ஒரு நம்பர் வைங்க."

ஆறு காலியாக இருக்கிறது என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஆறு என்றால் வெயில் மயக்கம். சைரன் கிடையாது, காற்று சிலிண்டரோடு மாட்டுகிற முகமூடி செட் கிடையாது, ஆக்சிஜன் கிடையாது. முதலுதவி அறை, உப்புச் சர்க்கரைத் தண்ணீர், மின்விசிறி, அவ்வளவுதான். சார் கை கொடுத்தார். லீடிங் ஆனபின் கிடைத்த முதல் கைகுலுக்கல், சந்தோஷமாகத்தான் இருந்தது.

மே 8, திங்கள்

முதல் ஆறு. மூன்றாம் தொட்டி. தவசிமுத்து என்ற கான்ட்ராக்ட் ஆள், தொட்டி வாயருகே உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது. தண்ணீர் கொடுத்ததும் எழுந்துவிட்டான்.

டிரைவர் கோமதிநாயகம் மூக்கைப் பொத்திக்கொண்டார். "அண்ணாச்சி, அழுகின முட்ட வாடை அடிக்கி."

"பேப்பர் மில்லுல மல்லியப்பூ வாடையா அடிக்கும்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். உண்மையில் எனக்கும் அடித்தது. கொஞ்ச நேரம் நின்றதும் போய்விட்டது. அதைச் சொன்னால் கோமதி, "போயிருச்சா? எனக்கு அடிச்சிக்கிட்டுத்தான இருக்கு" என்கிறார். அவருக்கு மூக்கு நீளம்.

மே 11, வியாழன்

இரண்டு ஆறு. இரண்டும் மூன்றாம் தொட்டி. எனக்கும் தலையை வலித்தது. வெயில்.

ஒரு நல்ல காரியம் முடித்தேன். பொன்மலரின் தம்பி ஜெபசிங் திருப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டில் சும்மா கிடக்கிறான். ஷட்டவுனில் சேர்த்துவிட்டேன். அதுவும் உள்ளே இறங்கிச் சுரண்டுகிற வேலை இல்லை, மேல் ஆள் வேலை. தொட்டி வாயில் குடை போட்டு உட்கார்ந்து உள்ளே இருக்கிறவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கையில் வயர்லெஸ். தொட்டி ஆட்களுக்கென்று தனிச் சேனல், எங்களுக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் மட்டும்தான் கேட்கும். மாப்பிள்ளை உத்தியோகம்.

ராத்திரிச் சாப்பாட்டில் அவனுக்கு எண்களை ஒப்பிக்கச் சொல்லிக் கொடுத்தேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டான். "அத்தான், எங்கக்கா கோவத்துக்கு என்ன நம்பர்?" என்றான்.

"அதுக்கு ஒண்ணு. வண்டியோட வரணும்."

பொன்மலர் கரண்டியை ஓங்கினாள். தம்பி வந்ததிலிருந்து அவள் முகமே வேறு. அம்மா இல்லாத பிள்ளை, இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

மே 14, ஞாயிறு

கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் சீலா மீன் வாங்கினேன். பொன்மலர் பையைத் திறந்ததும் வாசலுக்கு ஓடினாள்.

"நாறிப்போன மீன வாங்கிட்டு வந்திருக்கீங்க. தெரியலையா?"

முகர்ந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. "நல்லாத்தான இருக்கு?" என்றேன். ஜெபசிங்கும் முகர்ந்தான். "ஆமாக்கா, நல்லாத்தான் இருக்கு" என்றான். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மீனைக் கொண்டுபோய்ப் புதைத்தாள். தெரு நாய்கூட அந்தப் பக்கம் வரவில்லை.

சளி பிடித்திருக்கிறது. அவனுக்கும் ஒட்டியிருக்கும்.

மே 15, திங்கள்

வாயு அளக்கிற மீட்டர் பழுது. நிலையத்தில் வைத்தால் பேசாமல் இருக்கிறது. மூன்றாம் தொட்டிப் பக்கம் கொண்டுபோனால் கத்து கத்தென்று கத்துகிறது. ஆட்கள் பயப்படுகிறார்கள். பாட்டரியைக் கழற்றிப் பழுதுக்கு என்று சீட்டு கட்டி அலமாரியில் வைத்தேன்.

மே 17, புதன்

ஆறு, ஆறு, ஆறு. எல்லாம் ஒரே தொட்டி. ஒருவன் ஏணியிலேயே கை விட்டிருக்கிறான். நல்ல காலம், கயிற்றில் தொங்கிவிட்டான்.

இன்று கோமதிநாயகத்தோடு சண்டை. ஆறுக்குப் போகிற வண்டியில் முகமூடி செட்டை ஏற்றிக்கொண்டு வருகிறார். எல்லார் முன்னாலும் மாட்டிக்கொண்டார். பார்க்கிற கான்ட்ராக்ட் ஆட்கள் என்ன நினைப்பார்கள்?

"கோமதி, ஆறுக்கு செட் கெடையாது. ஒமக்குத் தெரியும்."

"நம்பர் நீங்க போட்டது அண்ணாச்சி. மூச்சு என்னுதுல்லா?"

"நீரு என்ன டாக்டரா?"

"டாக்டர் இல்ல. அங்கன காக்கா உக்காரல பாத்தியளா? ரெண்டாம் தொட்டில உக்காருது, நாலாம் தொட்டில உக்காருது. அங்கன மட்டும் உக்காரல."

காக்கா பார்த்து வேலை செய்ய ஆரம்பித்தால் மில் உருப்பட்ட மாதிரிதான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது, இப்போதெல்லாம் சட்டென்று ஏறுகிறது. அவரைப் பம்ப் ஹவுஸுக்கு மாற்றிவிட்டேன். போகும்போது அவர் இரண்டு செட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். போகட்டும், அங்கே வைத்துக் கும்பிட்டுக்கொள்ளட்டும்.

மே 18, வியாழன்

ஆறு இரண்டு. தலைவலி மாத்திரை. சாப்பிடவில்லை.

மே 20, சனி

ஜெபசிங் மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தான். அவன் தனியாக உட்காருகிற பையன் அல்ல.

"அத்தான், அந்தத் தொட்டி சரியில்ல."

"என்னல சரியில்ல?"

"உள்ள எறங்குதவன் கொஞ்ச நேரத்துல பாட்ட நிறுத்திருதான். தவசி பாடிக்கிட்டுத்தான் வேல செய்வான். நான் அவன் பாட்டக் கேட்டுக்கிட்டே இருப்பேன். பாதில நிறுத்திருதான். கூப்ட்டா ஒரு மாதிரி பாக்கான்."

"வெயிலு. மோர் குடுத்து எறக்கு."

"எனக்கே மேல இருக்கையில தலை கிறுகிறுங்குது."

அவனைத் திருப்பூரிலிருந்து அனுப்பியதே சோம்பேறி என்றுதான் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம். அவன் முகம் விழுந்துவிட்டது. "அக்காட்ட சொல்லாதீங்க, வேலைக்குப் போறேன்" என்றான்.

மனசு கேட்கவில்லை. போனில் ரகோத்தமன் சாரிடம் மெல்லக் கேட்டேன். "ஆடிட் முடியட்டும் ஞானதிரவியம், தொட்டிக்கு ஒரு ஃபேன் போட்ருவோம். நீங்க பொறுப்பான ஆள்னுதானே மேல கொண்டு வந்தேன்?" என்றார். கேட்டாயிற்று. பெரியவர்களுக்குத் தெரியும்.

மே 22, திங்கள்

இன்றே எழுதிவிடுகிறேன், பிறகு கேட்பார்கள்.

ஆடிட்டர்கள் மில்லுக்குள் இருந்தார்கள். மூன்றாம் தொட்டியிலிருந்து அழைப்பு. ஆறு. கிளம்பினோம். கோமதி இல்லாததால் புது டிரைவர். சைரன் இல்லை. எடை மேடையருகே ஒரு கூழ் லாரி வழியை மறித்து ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. ஆறுக்கு வழி கேட்கும் உரிமை கிடையாது, நின்றோம். லாரிக்காரன் நிதானமாக ஒடித்து ஒடித்துத் திருப்பினான். இறங்கி அவனைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

தொட்டி மேலே குடை இருந்தது. குடைக்குக் கீழே ஆள் இல்லை. வயர்லெஸ் வாயோரமாகக் கிடந்தது.

எட்டிப் பார்த்தேன். கீழே கூழில் தவசிமுத்து சாய்ந்து கிடந்தான். அவனுக்குப் பின்னால் ஜெபசிங், இரண்டு கையையும் அவன் கக்கத்தில் கொடுத்துத் தூக்குகிற மாதிரி. தூக்கவில்லை. இரண்டு பேரும் அசையவில்லை. தூக்கப்போய் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

ஒரு வாடையும் இல்லை. சத்தியமாக ஒரு வாடையும் இல்லை.

எங்களிடம் முகமூடி இல்லை. என் கால் ஏணியில் இருந்தது, அதை நான் வைத்தது நினைவில்லை. பக்கத்திலிருந்த இன்னொரு கான்ட்ராக்ட் ஆள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு என்னைத் தள்ளிவிட்டு இறங்கப் பார்த்தான். அவனை இழுத்துப் போட்டபோதுதான் எனக்கே புத்தி வந்தது. இறங்கினால் நாங்களும் அப்படியே உட்கார்ந்துவிடுவோம். வயர்லெஸ்ஸை எடுத்துப் பொதுச் சேனலுக்குத் திருப்பினேன். எந்த எண்ணும் வாயில் வரவில்லை.

"விஷவாயு! மூணாந் தொட்டில விஷவாயு! ஜெபசிங் உள்ள கெடக்கான், தவசிமுத்து உள்ள கெடக்கான்! எவனும் எறங்காதீங்க! கோமதி, செட்ட எடுத்துட்டு வாரும்! கோமதி, ஓடி வாருமய்யா!"

மில் முழுக்கக் கேட்டது. பம்ப் ஹவுஸிலிருந்து கோமதிநாயகம் ஓடி வந்தார், தோளில் இரண்டு செட். ஒன்றை மாட்டிக்கொண்டு இறங்கினார். முதலில் ஜெபசிங்கின் கையைத் தவசியிடமிருந்து பிரிக்க வேண்டியிருந்தது.

இரண்டு பேரையும் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். நான்கு என்று சொல்லக்கூட அவர்களுக்கு அவசியம் இருக்கவில்லை.

நான் போன் செய்யுமுன் பொன்மலருக்குத் தெரிந்திருந்தது. கேட்டுக்கு வெளியே நின்ற ஆட்டோக்காரன் வரைக்கும் தெரிந்திருந்தது.

மே 23, செவ்வாய்

அடக்கம். மழை இல்லை, காற்று இல்லை.

மே 26, வெள்ளி

எங்கள் குழுவையெல்லாம் பரிசோதித்தார்கள். டாக்டர் சொன்னது: அந்த வாயு முதலில் அழுகின முட்டை போல நாறும், பிறகு மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும், வாடை போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம். என்னிடம் ஒரு பஞ்சை நீட்டி என்ன வாடை என்றார். மருந்து என்றேன். அது வெறும் பஞ்சு. சளி என்று சொன்னேன்.

நாலாம் தொட்டிக்கு ஆள் இறக்குவதை நிறுத்திவிட்டார்கள். ஆட்கள் வீட்டுக்கு வருகிறார்கள், என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கப் பார்த்தவன் பெண்டாட்டி பிள்ளையோடு வந்து காலில் விழுந்தான். "அண்ணாச்சி கத்தலேன்னா இன்னும் நாலு பேரு போயிருப்போம்." பாதிரியார் ஜெபத்தில் என் பெயரைச் சொன்னார்.

பொன்மலர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தோளில் தலை வைத்தாள். "கடைசில நீங்களாவது அவன் பக்கத்துல இருந்தீங்களே" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அழுதேன். அவள் என்னைத் தேற்றினாள்.

கோமதிநாயகம் மட்டும் வரவில்லை.

ஜூன் 4, ஞாயிறு

செவ்வாய்க்கிழமை விசாரணை. ரகோத்தமன் சார் போன் செய்தார். "ஆறுன்னு அழைப்பு வந்துச்சு, ஆறுக்கு உண்டானபடி போனீங்க. அதுக்கு மேல நீங்க எதுவும் சொல்ல வேண்டியதில்ல. உண்மையும் அதுதானே?" என்றார்.

உண்மையும் அதுதான்.

பொன்மலர் தானும் வருவேன் என்கிறாள். வேண்டாம், தாங்கமாட்டாய் என்றேன். "என் தம்பிக்கு யாரு இருக்கா?" என்றாள்.

ஜூன் 6, செவ்வாய்

மில்லின் பயிற்சி ஹாலில் நடந்தது. விசாரணை அதிகாரி ஒரு பெண், அதிகம் பேசாதவர். ஒரு பக்கம் ரகோத்தமன் சார், நான், கோமதிநாயகம். எதிர்ப் பக்கம் தவசிமுத்துவின் மனைவி, பொன்மலர்.

"அழைப்பு என்ன எண்ணில் வந்தது?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆறு."

"அழைத்தவர் யாரென்று தெரிந்ததா?"

"தெரியல மேடம். வயர்லெஸ்ல பேரு சொல்லுத வழக்கம் இல்ல."

கட்டுப்பாட்டு அறையிலிருந்து பேச்சி என்ற பெண் கம்ப்யூட்டரோடு வந்திருந்தாள். வயர்லெஸ் பேச்செல்லாம் அதில் பதிவாகிவிடும். அது எனக்குத் தெரியாதது அல்ல. இத்தனை வருஷத்தில் யாரும் போட்டுக் கேட்டதில்லை, அவ்வளவுதான். அவள் என்னைப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினாள்.

முதலில் இருமல். பிறகு ஜெபசிங். "கன்ட்ரோல், மூணாந் தொட்டி. மூணு. மூணு. ஆளு பேசல."

பிறகு என் குரல். "மூணாந் தொட்டி, அங்கன மூணு கெடையாது. ஆறுன்னு சொல்லு."

"இல்ல, பாட்ட நிறுத்திட்டான். கண்ணு தெறந்திருக்கு, பேச மாட்டேங்கான். மூணு."

"ஆடிட்டர் இங்கன நிக்காங்க. நம்பர ஒழுங்காச் சொல்லு. ஆறு."

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.

"ஆறு. சீக்கிரம் வாங்க அத்தான்."

"வயர்லெஸ்ல மொற வச்சிப் பேசாத. ஆறு, கெளம்புதோம். சைரன் வேண்டாம்."

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. இறங்கியிருக்கிறான்.

ரகோத்தமன் சார் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி பேனாவை மூடினார். தவசிமுத்துவின் மனைவி என்ன என்று பின்னால் திரும்பி யாரையோ கேட்டாள். பொன்மலர் என் பக்கம் திரும்புவாள் என்று காத்திருந்தேன். அவள் பேச்சியைத்தான் பார்த்தாள்.

"இன்னொரு தடவ போடும்மா. என் தம்பி பேசுனத மட்டும் போடு."

பேச்சி போட்டாள். அவனை மட்டும் தனியாகப் போட முடியவில்லை. அவன் பேசி முடிக்குமுன் நான் வந்துவிடுகிறேன். அவள் நிறுத்தித் திரும்பப் போட்டாள், மறுபடியும் நான். கோமதிநாயகம் எழுந்து வெளியே போய்விட்டார். "பரவால்ல, போடு" என்றாள் பொன்மலர்.

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் அவன் மூணு என்றான். ஒவ்வொரு முறையும் நான் ஆறு என்று சொல்லச் சொன்னேன்.